நரம்பு கட்டாயிடுச்சு என்றால் எது அறுந்தது?

கேள்வி இதுதான். உங்கள் தம்பிக்கு 26 வயது, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ்ஸில் இடது கை மாட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரல் நடு மூட்டோடு நசுங்கித் துண்டாகிவிட்டது. நடுவிரல் துண்டாகவில்லை, ஆனால் எலும்பு முறிந்து "நரம்பெல்லாம் கட்". துண்டான விரலை ஐஸ் கட்டிகளுக்குள் போட்டு எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறீர்கள். ஆள்காட்டியைச் சேர்க்க முடியாது என்று மூடித் தைத்தார்கள். நடுவிரலுக்குக் கம்பி போட்டு உள்ளே தைத்தார்கள். இன்றோடு 9 நாள். தெரபிஸ்ட் அசைக்கச் சொல்கிறார். அம்மா, "தையல் பிரிஞ்சிடும், ஆறு வாரம் ஆடாம அசையாம வை" என்கிறார். யார் சொல்வது சரி, ஐஸில் போட்டதுதான் விரலைக் கெடுத்ததா, எப்போது வேலைக்குப் போகலாம்?

தெரபிஸ்ட் சொல்வதுதான் சரி. இன்றே, விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு தடவை, அவர் காட்டிய முறையில் மட்டும் அசைக்க வேண்டும். அம்மாவின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. தப்பாக அசைத்தால் தையல் விட்டுப்போகும். ஆனால் ஆறு வாரம் அசையாமல் கிடந்த விரல் பிறகு கெஞ்சினாலும் மடங்காது. எதை அசைக்கலாம், எவ்வளவு, எந்த வாரத்தில் என்பது உள்ளே எது அறுந்தது என்பதைப் பொறுத்தது. அதனால் முதலில் அந்த "நரம்பு" என்ற சொல்லைப் பிரித்துவிடுவோம்.

நம் பேச்சில் அந்த ஒரு சொல் மூன்று பொருளைச் சுமக்கிறது. ஊசி போட வந்த நர்ஸ் "நரம்பே கிடைக்கல" என்றால் அது ரத்தக்குழாய். விரல் மரத்துப்போய் "நரம்பு செத்துடுச்சு" என்றால் அது உணர்ச்சியைக் கடத்தும் நெர்வ். விரல் மடங்கவில்லை, "நரம்பு கட்" என்றால் அது பெரும்பாலும் டெண்டன், அதாவது தசைநாண். முன்கையில் இருக்கும் தசை இழுக்க, அந்த இழுப்பை விரல் எலும்புவரை கொண்டுபோகும் வெள்ளைக் கயிறு. மூன்றையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் ஒருவருக்குச் சொன்ன அறிவுரையை இன்னொருவர் பின்பற்றிக் கெடுத்துக்கொள்கிறார். பக்கத்து வீட்டுக்காரருக்கு வெறும் நெர்வ் தைத்திருக்கலாம். அவர் மூன்று வாரத்தில் பை தூக்கினார் என்று உங்கள் தம்பி தூக்கினால் டெண்டன் அறுந்துவிடும்.

நீங்கள் எழுதியிருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரி வரிகளைத் தமிழில் சொன்னால் இப்படி வரும். "எஃப்.டி.பி., எஃப்.டி.எஸ். ஸோன் 2" என்பது விரலை மடக்கும் இரண்டு டெண்டன்களும் உள்ளங்கை மடிப்புக்கும் நடு மூட்டைச் சற்றுத் தாண்டிய இடத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் அறுந்தன என்பது. "ஃபோர் ஸ்ட்ராண்ட்" என்றால் அறுந்த இடத்தை நான்கு இழை நூல் கடந்து பிடித்திருக்கிறது. சீக்கிரம் அசைக்க அனுமதிக்கும் அளவுக்குப் பலமான தையல் அது. "ஆர்.டி.என்." என்பது விரலின் கட்டைவிரல் பக்க நெர்வ், அதையும் தைத்திருக்கிறார்கள். "கே-வயர்" என்பது முதல் கணு எலும்பின் முறிவைப் பிடிக்கும் கம்பி; அது மூட்டைத் தாண்டவில்லை என்று எழுதியிருப்பது நல்ல செய்தி, மூட்டுகளை இப்போதே அசைக்கலாம். விரலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு ரத்தக்குழாய்கள் உண்டு. அவற்றில் ஒன்று தப்பியிருக்கிறது, அதனால்தான் நடுவிரல் உயிரோடு இருக்கிறது.

ஐஸ் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அந்தக் குற்ற உணர்ச்சி வீட்டில் எல்லோரையும் தின்னும். துண்டை நேரடியாக ஐஸுக்குள் போட்டது தவறான முறைதான். சதை உறைந்தால் செல்லுக்குள் இருக்கும் நீர் பனியாகி அதை உடைத்துவிடும். உறைந்த ரத்தக்குழாயைத் தைத்தாலும் ரத்தம் நிற்காமல் ஓடாது. ஆனால் உங்கள் தம்பியின் விரல் போனது அதனால் அல்ல. பிரஸ் டை, அதாவது மெஷினின் இரும்பு அச்சு, நசுக்கிய விரல் அது. கத்தி வெட்டினால் ரத்தக்குழாயின் ஓர் இடம்தான் கெடும், இரண்டு முனையையும் சேர்த்துத் தைக்கலாம். பல டன் அழுத்தத்தில் நசுங்கினால் குழாயின் உட்சுவர் நெடுகக் கிழிந்திருக்கும். வெளியே முழுதாகத் தெரிந்தாலும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் உள்ளே கந்தலாக இருக்கும். அங்கே ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டே இருக்கும். சரியான முறையில் கொண்டுபோயிருந்தாலும் அந்தத் துண்டின் கதி மாறியிருக்காது.

சரியான முறை என்ன என்பதை ஷாப்பில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும், தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். துண்டில் அழுக்கு இருந்தால் சலைனிலோ சுத்தமான குடிநீரிலோ லேசாகக் கழுவவும், தேய்க்க வேண்டாம். சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியில் சுற்றவும். ஈரம் இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டவும். அந்தக் கவரை, பாதி ஐஸும் பாதி தண்ணீருமாக இருக்கும் இன்னொரு கவரிலோ டப்பாவிலோ வைக்கவும். ஐஸ் மட்டும் வேண்டாம், ஃப்ரீஸர் வேண்டவே வேண்டாம். விபத்து நடந்த நேரத்தை கவர் மேல் எழுதவும். காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்தி, கையைத் தூக்கிப் பிடித்தால் பெரும்பாலும் ரத்தம் நிற்கும். கயிறு, ஒயர், ரப்பர் பேண்டு கட்டாதீர்கள், அவை நல்ல நெர்வையும் நசுக்கும். காப்பித் தூள், மஞ்சள், இங்க் எதுவும் கூடாது, ஆபரேஷன் டேபிளில் அதைச் சுரண்டி எடுப்பதற்கே நேரம் போகும். மோதிரம் இருந்தால் விரல் வீங்குமுன் கழற்றவும். சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து தாமதமாகும். தோலின் ஒரு நூல் மட்டும் பிடித்துத் தொங்கினாலும் அதை அறுக்காதீர்கள். அந்த நூலுக்குள் ஒரு ரத்தக்குழாய் ஓடலாம். சேர்க்கவே முடியாது என்று தோன்றும் துண்டையும் விட்டுவிட்டு வராதீர்கள். அதிலிருந்து தோல், நகம், நெர்வ் எடுத்துப் பக்கத்து விரலுக்குப் பயன்படுத்துவார்கள்.

நேரக் கணக்கு: குளிர்விக்காத விரல் ஏறத்தாழ 6 முதல் 12 மணி நேரம் தாங்கும், சரியாகக் குளிர்வித்தால் 24 மணி நேரம்வரை. விரலில் தசை இல்லை, அதனால்தான் இவ்வளவு பொறுமை. மணிக்கட்டுக்கு மேலே துண்டானால் தசை உண்டு, 6 மணி நேரத்துக்குள் ரத்தம் ஓட வேண்டும். எனவே ஸ்ரீபெரும்புதூரிலோ திருமழிசையிலோ அடிபட்டால் வழியில் இருக்கும் ஒவ்வொரு கிளினிக்காக ஏறி இறங்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடும்போதே "கை மைக்ரோ சர்ஜரி செய்யும் இடம்" என்று கேளுங்கள்.

இனி, ஏன் சேர்க்கவில்லை. துண்டான விரலைச் சேர்ப்பது சாத்தியமாகி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. 1965-இல் ஜப்பானின் நாராவில் கொமாட்சுவும் தமாயும் முழுதாகத் துண்டான கட்டைவிரலை ஒட்டவைத்தார்கள். சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசுவாமி 1971-இல் தொடங்கிய கை அறுவைப் பிரிவு, இத்தனை தொழிற்பேட்டைகள் உள்ள ஊரின் தேவையில் வளர்ந்தது. வேலை நுணுக்கமானது. எலும்பை அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர்வரை குறுக்கி, கம்பி போட்டு நிறுத்தி, நிமிர்த்தும் டெண்டன், மடக்கும் டெண்டன், பிறகு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள ரத்தக்குழாய்கள், நெர்வ்கள், கடைசியில் தோல். முடியைவிட மெல்லிய 10-0 நூல். ஒரு விரலுக்கே பல மணி நேரம்.

முடியும் என்பதாலேயே செய்துவிட மாட்டார்கள். கட்டைவிரல் துண்டானால் எப்பாடுபட்டாவது முயல்வார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட விரல்கள், குழந்தையின் எந்த விரலும், உள்ளங்கையோடு அல்லது மணிக்கட்டோடு துண்டானது, இவையும் அப்படித்தான். ஆனால் பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் மட்டும், அதுவும் நடு மூட்டளவில், நசுங்கித் துண்டானால் நிலைமை வேறு. சேர்த்து அது பிழைத்தாலும் குச்சிபோல விறைத்து நிற்கும், தொட்டால் மரத்திருக்கும், எதைப் பிடித்தாலும் குறுக்கே நீட்டிக்கொண்டு மாட்டும். மூளை மிகச் சீக்கிரம் அந்த விரலை ஒதுக்கிவிட்டு, கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்துப் பிடிக்கக் கற்றுக்கொள்ளும். அந்த ஒரு விரலுக்காக மாதக்கணக்கில் கையைக் கட்டிவைத்தால், காப்பாற்ற முடிந்த நடுவிரலும் சேர்ந்து விறைத்திருக்கும். விரல்களை எண்ணிப் பார்க்காமல் கை என்ன செய்யும் என்று பார்த்த முடிவு அது. நல்ல முடிவு.

விரல் நுனி மட்டும் போயிருந்தால் வழிகள் நிறைய. எலும்பு தெரியாமல் 1 சதுர சென்டிமீட்டருக்குள் சதை போயிருந்தால் கட்டு மாற்றிக்கொண்டே வந்தால் 3–4 வாரத்தில் தானே மூடிக்கொள்ளும். உணர்ச்சியும் நன்றாக வரும், வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டும் கிராஃப்ட் வைப்பதைவிட இது பல நேரம் மேல். எலும்பு வெளியே தெரிந்தால் பக்கத்துத் தோலையே நெர்வோடும் ரத்தக்குழாயோடும் நகர்த்தி மூடுவார்கள். சாய்வாகப் போன நுனிக்கு வெங்கடசுவாமியும் என். சுப்பிரமணியனும் 1980-இல் எழுதிய முக்கோண ஃபிளாப் (இப்படி நகர்த்தும் தோல் துண்டு) முறையை உலகெங்கும் செய்கிறார்கள். குழந்தை கதவிடுக்கில் விரலை வைத்து நகம் பெயர்ந்தால் "நகம்தானே, முளைக்கும்" என்று விடாதீர்கள். நகத்துக்கு அடியில் உள்ள படுகை கிழிந்திருந்தால் அதை மெல்லிய நூலில் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆயுளுக்கும் இரண்டாகப் பிளந்த நகம்தான்.

இப்போது முக்கியமான பகுதி: அடுத்த 12 வாரம்.

டெண்டன் ஒரு சுரங்கப் பாதைக்குள் வழுக்கி ஓடுகிறது. ஸோன் 2-இல் அந்தப் பாதை மிகக் குறுகலானது, அதற்குள் இரண்டு கயிறுகள். அடிபட்டதும் உடல் எல்லா இடத்திலும் பசை வைக்கும். அறுந்த டெண்டனை ஒட்டவைப்பதும் அதே பசை, டெண்டனைச் சுரங்கச் சுவரோடு ஒட்டிவிடுவதும் அதே பசை. தினமும் சில மில்லிமீட்டராவது கயிறு முன்னும் பின்னும் ஓடினால் சுவரோடு ஒட்டுவது தடைபடும். அதற்குத்தான் இந்த அசைவு. பலம் கூட்டுவது இதன் நோக்கமே இல்லை. அதனால் "இன்னும் கொஞ்சம் அழுத்திச் செய்" என்று யாரும் உற்சாகப்படுத்த வேண்டாம்.

கையின் புறப்பக்கம் போட்டிருக்கும் ஸ்பிளிண்ட், அதாவது கையைத் தாங்கும் பிளாஸ்டிக் தட்டு, மணிக்கட்டையும் விரல்களையும் முழுதாக நிமிர விடாது. விரல் முழுதாக நிமிர்ந்தால் தையல் இழுபடும், அதைத் தடுக்கத்தான் அது. குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றக் கூடாது. அதற்குள்ளேயே மணிக்கு ஒரு முறை செய்ய வேண்டியது: வலது கையால் நடுவிரலை மெதுவாக உள்ளங்கை நோக்கி மடக்கவும், 10 தடவை. அடுத்து, விரலின் அடி மூட்டை மடக்கிப் பிடித்துக்கொண்டு நடு மூட்டைத் தானாக நிமிர்த்தச் சொல்லவும், ஸ்பிளிண்டைத் தொடும்வரை, 10 தடவை. இந்த இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். விட்டால் நடு மூட்டு கொக்கிபோல வளைந்தே நின்றுவிடும், அதைப் பின்னால் நிமிர்த்துவது மடக்குவதைவிடக் கஷ்டம். மூன்றாவதாக, சர்ஜன் அனுமதி எழுதியிருந்தால் மட்டும், வலது கையால் பாதி மடக்கி வைத்துக் கையை எடுத்துவிட்டு, விரல் அங்கேயே நிற்கும் அளவுக்கு லேசாக 3 விநாடி பிடிக்கச் சொல்லவும், 5 தடவை. பஞ்சைப் பிடிக்கும் அழுத்தம் போதும். வலி மாத்திரையைக் காலை முதல் சுற்றுக்கு அரை மணி முன்னால் கொடுத்தால் நாள் முழுவதும் சுலபமாக இருக்கும்.

ஒரு பொறி இருக்கிறது. நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றையும் ஆழமாக மடக்கும் டெண்டன்கள் ஏறத்தாழ ஒரே தசையிலிருந்து வருகின்றன. "அடிபடாத விரலால்தானே தூக்குகிறேன்" என்று சுண்டுவிரலில் கேரி பேக்கை மாட்டினால் அந்த இழுப்பு நடுவிரல் தையலுக்கும் போகும். இடது கையால் எதையும் பிடிக்கக் கூடாது, போனைக்கூட.

தையல் விடுவது பெரும்பாலும் வலி குறைந்து நம்பிக்கை வந்த பிறகுதான். முதல் இரண்டு வாரங்களில் டெண்டன் முனைகள் மிருதுவாகி இருக்கும், ஆனால் வீக்கம் வடிந்திருப்பதால் கை நன்றாகிவிட்டது போலத் தோன்றும். பேருந்தில் தடுக்கிக் கம்பியைப் பிடிப்பது, தூக்கத்தில் போர்வையை இழுப்பது, இப்படித்தான் நடக்கிறது. "பட்" என்று ஒரு சத்தமோ உணர்வோ வந்து, நேற்று மடங்கிய விரல் இன்று மடங்கவில்லை என்றால் அடுத்த ரிவ்யூவுக்குக் காத்திருக்காதீர்கள், அன்றே போங்கள். சில நாட்களுக்குள் என்றால் மறுபடி தைக்க வாய்ப்பு உண்டு. மாதம் கடந்தால் சிலிக்கான் குச்சி வைத்துச் சுரங்கத்தைத் திரும்ப உருவாக்கி, மூன்று மாதம் கழித்து வேறு இடத்து டெண்டனை எடுத்து வைக்கும் இரண்டு கட்ட அறுவையாகிவிடும்.

வீக்கத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். வீங்கிய விரல் அசையாது, அசையாத விரல் மேலும் வீங்கும். கழுத்தில் தூளி மாட்டி வயிற்றருகே கையைத் தொங்கவிட்டால் கை இதயத்துக்குக் கீழேதான் இருக்கிறது, பயனில்லை. நடக்கும்போது கையை எதிர்த் தோளில் வைக்கச் சொல்லுங்கள். படுக்கும்போது இரண்டு தலையணை மேல். தோள்பட்டையையும் முழங்கையையும் தினமும் மூன்று வேளை முழுதாகச் சுழற்ற வேண்டும். கைவிரலுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோள் இறுகிப்போனவர்கள் நிறையப் பேர்.

சென்னை வெயிலில் ஸ்பிளிண்டுக்குள் வியர்த்துத் தோல் வெளுத்து ஊறும். உள்ளே பருத்தி உறை போட்டு, நனைந்தால் விரல் நிமிராமல் அதை எப்படி மாற்றுவது என்று தெரபிஸ்டிடம் கேட்டு மாற்றுங்கள், பவுடர் கொட்ட வேண்டாம். தெர்மோபிளாஸ்டிக் ஸ்பிளிண்ட் வெந்நீரில் இளக்கிக் கைக்கேற்ப வளைத்தது. பின்னாளில் கழற்றிவைக்கும் கட்டம் வந்ததும் அதை வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ அடுப்பருகிலோ வைத்தால் வளைந்துவிடும். வளைந்ததை அப்படியே மாட்டினால் விரல் தப்பான கோணத்தில் நிற்கும்.

வாரக் கணக்கு ஏறத்தாழ இப்படி. 10 முதல் 14 நாளில் வெளித்தையல் பிரிப்பார்கள். காயம் முழுதும் மூடிய பிறகு, மூன்றாவது வாரம் வாக்கில், தழும்பின் மேல் தேங்காய் எண்ணெய் தொட்டுக் கட்டைவிரலால் வட்டமாக அழுத்தித் தேய்க்கலாம், ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளைக்கு நான்கு தடவை. தழும்பு டெண்டனோடு ஒட்டாமல் இருக்க இது அவசியம். 4 வாரத்தில் எக்ஸ்ரே, எலும்பு சேரத் தொடங்கியிருந்தால் கம்பியை எடுப்பார்கள். அதன்பின் தானாக மடக்குவதைக் கூட்டுவார்கள். 6 வாரத்தில் வீட்டுக்குள் ஸ்பிளிண்ட் இல்லாமல் இருக்கலாம், சட்டை பட்டன் போடலாம், காலி டம்ளரைப் பிடிக்கலாம். கூட்டத்தில் போகும்போது மாட்டிக்கொள்ள வேண்டும். 8 வாரத்தில் சப்பாத்தி மாவு பிசைவது, தண்ணீரில் ஸ்பாஞ்சைப் பிழிவது. பைக்கின் கிளட்ச் இடது கையில், அதுவும் இதே விரல்களால் இழுப்பது, எனவே 12 வாரத்துக்கு முன் வண்டி வேண்டாம். பளு தூக்கும் வேலை அதற்கும் பிறகு. எலும்பும் டெண்டனும் சேர்ந்து அடிபட்டதால் இந்தக் கணக்கில் சில வாரம் கூடலாம். உங்கள் சர்ஜன் எழுதும் தேதிதான் கடைசி வார்த்தை.

வாரம் ஒரு நாள், ஞாயிறு காலை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஓர் அளவு எடுத்து நோட்டில் எழுதுங்கள்: வலது கையால் மடக்கும்போது நடுவிரல் நுனிக்கும் உள்ளங்கை மடிப்புக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர், நான்காவது வாரத்துக்குப் பின், தானாக மடக்கும்போது எத்தனை. இரண்டும் குறைந்துகொண்டே வந்தால் சரி. உதவி செய்தால் முழுதாக மடங்குகிறது, தானாக மடங்கவில்லை என்றால் டெண்டன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை விடுவிக்கும் அறுவையை மூன்று முதல் ஆறு மாதம் கழித்து யோசிப்பார்கள். உதவி செய்தாலும் மடங்கவில்லை என்றால் மூட்டே இறுகியிருக்கிறது, முதலில் அதைத் தெரபியில் இளக்க வேண்டும். இந்த நோட்டு இருந்தால் ரிவ்யூவில் சர்ஜன் இரண்டு நிமிடத்தில் முடிவெடுக்க முடியும். எதிர்பார்ப்பையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்: எலும்பு, இரண்டு டெண்டன், நெர்வ் மூன்றும் ஒரே விரலில் போனால் பழைய முழு மடக்கம் திரும்புவது அரிது. டம்ளர், ஸ்குரூ டிரைவர், பைக் கைப்பிடி இறுக்கமாகப் பிடிக்கும் அளவு வருவது சாத்தியம், அதற்குத்தான் உழைக்கிறீர்கள்.

நெர்வ் வளர்வது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர், அதுவும் தொடங்கச் சில வாரம் எடுக்கும். விரலின் அடியிலிருந்து நுனிவரை 6–7 சென்டிமீட்டர் என்றால் மூன்று நான்கு மாதம். தைத்த இடத்திலிருந்து நுனி நோக்கி விரலால் தட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் கரண்ட் அடித்ததுபோல இருக்கும். அந்த இடம் மாதாமாதம் நுனியை நோக்கி நகர்ந்தால் நெர்வ் வளர்கிறது. உணர்ச்சி வரும்வரை அந்த விரல் சூடு அறியாது. தோசைக்கல், சைலன்ஸர், சுடச்சுட டீ டம்ளர், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துத்தான் தொட வேண்டும்.

ஆள்காட்டி விரலின் மீதிப் பகுதியை மறந்துவிடாதீர்கள். காயம் மூடியதும் அதைத் தொட்டுப் பழக்க வேண்டும்: முதலில் பஞ்சு, பிறகு டர்கி டவல், பிறகு அரிசி நிறைந்த கிண்ணத்துக்குள் விட்டுத் துழாவுவது, 5 நிமிடம், நாளைக்கு நாலைந்து தடவை. இல்லாத விரல் நுனி அரிப்பதாக அவர் சொன்னால் பயப்படாதீர்கள், கேலியும் செய்யாதீர்கள்; மூளையில் அந்த விரலின் வரைபடம் இன்னும் அழியவில்லை. மாதங்கள் கடந்தும் ஓரிடத்தில் தொட்டால் துள்ளும் அளவு வலித்தால் அறுந்த நெர்வ் முனை முடிச்சாகியிருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. சிலிக்கான் விரல் வேண்டுமென்றால் மீதிப் பகுதியின் வடிவம் நிலைப்படும்வரை, ஆறு மாதமாவது, பொறுங்கள்.

வீட்டில் பத்தியம் சொல்வார்கள்: முட்டை, மீன், கத்திரிக்காய் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று. சீழ் பிடிப்பது கிருமியால். தோலும் எலும்பும் சேர புரதம் வேண்டும், முட்டையும் மீனும் பருப்பும் தாராளமாகக் கொடுங்கள். நிறுத்த வேண்டியது பீடி, சிகரெட். நிகோட்டின் விரலின் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கும். ஒட்டவைத்த விரல் உள்ளவருக்கு அது ஒரே நாளில் விரலைக் கொல்லும். புத்தூர் கட்டு போடலாமா என்று யாராவது கேட்பார்கள். டெண்டன் தைத்த கையில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டமும் போகும், இதுவரை காத்த அசைவும் போகும். வேண்டாம்.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்: விரல் வெளிறிச் சில்லிடுவது (ரத்தம் உள்ளே வரவில்லை), கருநீலமாகி உப்புவது (வெளியேறவில்லை), விண் விண் என்று இரவில் தெறிக்கும் வலி, நாற்றம், கம்பி நுழைந்த இடத்தில் சீழ், முழங்கை நோக்கி ஏறும் சிவப்புக் கோடு, காய்ச்சல். தொழிற்பேட்டையில் இருப்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன்: கிரீஸ் கன், ஹைட்ராலிக் லைன், பெயின்ட் ஸ்பிரே அதிக அழுத்தத்தில் விரலுக்குள் பாய்ந்தால் வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட இருக்காது. உள்ளே அந்த ரசாயனம் டெண்டன் உறை வழியாக உள்ளங்கைவரை போயிருக்கும். பிளாஸ்திரி ஒட்டி வேலையைத் தொடர்ந்தவர்கள் விரலை இழக்கிறார்கள். சில மணி நேரத்துக்குள் திறந்து சுத்தம் செய்ய வேண்டிய காயம் அது.

பணமும் காகிதமும். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருந்தால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். அதற்கு நிர்வாகம் விபத்து அறிக்கை கொடுத்திருக்க வேண்டும், கொடுத்தார்களா என்று இந்த வாரமே கேளுங்கள். சிகிச்சை முடிந்தபின் மெடிக்கல் போர்டு நிரந்தர இழப்பைச் சதவீதத்தில் குறிக்கும். 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்ட அட்டவணையில் கட்டைவிரல் முழுதுக்கும் 30, ஆள்காட்டி முழுதுக்கும் 14, அதில் இரண்டு கணுக்களுக்கு 11, நடுவிரல் முழுதுக்கும் 12 என்று இருந்தது. விறைத்துப்போன நடுவிரலுக்கும் தனியாக மதிப்பீடு கேட்கலாம், அதற்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டும் சாட்சி. விபத்தன்று எடுத்த போட்டோ, எக்ஸ்ரே, ஆபரேஷன் குறிப்பின் நகல் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். இ.எஸ்.ஐ. இல்லையென்றால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். தெரபிக்குத் தினமும் போய்வரச் செலவாகிறது என்று நிறுத்திவிடாதீர்கள். வாரம் ஒரு தடவை போய் முறையைச் சரிபார்த்துக்கொண்டு, மீதியை வீட்டில் அலாரம் வைத்துச் செய்யலாம்.

வேலைக்கு: எண்ணுதல், பேக்கிங் பார்ப்பது, ஸ்டோர் கணக்கு போன்ற ஒரு கை வேலைக்கு 6–8 வாரத்தில் போகலாம். பிரஸ்ஸுக்கு நான்கு மாதத்துக்கு முன் யோசிக்க வேண்டாம். போகும்போதும் இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் ஓடும் மெஷினாக இருக்கட்டும். கால் பெடல் பிரஸ்ஸில் உட்கார வைத்தால் மறுத்துவிடச் சொல்லுங்கள், ஏனென்றால் உணர்ச்சி முழுதாகத் திரும்பாத நடுவிரல் டையின் விளிம்பில் இருப்பது அவருக்கே தெரியாது.

அடுத்த ரிவ்யூவில் கேட்க நான்கு கேள்விகள் எழுதிக்கொள்ளுங்கள்: அந்த மூன்றாவது பயிற்சியைத் தொடங்கலாமா, இரவில் விரலை ஸ்பிளிண்டோடு நிமிர்த்திக் கட்ட வேண்டுமா, கம்பி எடுக்கும் தேதி எது, டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டது குறிப்பில் இருக்கிறதா. அதுவரை, இன்று ராத்திரி தூங்குமுன் இரண்டு தலையணை.